ள அல்லாத ள

ஜூன் 4, புதன்

காலை நடை போய் வந்தேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. குழாயில் தண்ணீர் வந்தது, மேல்தொட்டி நிரம்பியது. இவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். அடுத்து எழுதப்போவதை நிதானமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

கண் ஆஸ்பத்திரியிலிருந்து சௌந்தரத்துக்கு மின்னஞ்சல் வந்தது. அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் கணினியில் 'வாசிப்பான்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் உள்ள தமிழைக் குரலில் வாசிக்கும். தமிழ் ஆர்வலர்கள் சிலர் கூடி எழுதுவது, காசு கிடையாது, நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். போன வருடம் இரண்டாவது கண்ணும் மங்கியதிலிருந்து அதை வைத்துக்கொண்டிருக்கிறாள். அதுவரை நான்தான் வாசித்துக் காட்டினேன். பேப்பர், கடிதம், கதைப் புத்தகம், எல்லாம். இப்போது அது வாசிக்கிறது. என் தொண்டைக்கு ஓய்வு. நல்லதுதான்.

அந்தக் குரல் இன்று 'திருமதி' என்றது. பிறகு 'செ' என்று தொடங்கி, 'ள'வில் ஒரு குதி குதித்து, 'ந்தரம்' என்று விழுந்தது. பெண்டாட்டி பெயரை யாரோ கல்லில் தடுக்கி விழுந்ததுபோல் சொல்லக் கேட்டேன்.

சௌந்தரம் சிரித்தாள். "போன மாசமும் இப்படித்தான் கூப்பிட்டுது. பென்ஷன் சங்கத்து லெட்டர்லயும் இதே கூத்துதான்."

"இந்தா, அதை நிறுத்து" என்றேன்.

"ஏன், அது பாவம் என்ன பண்ணும்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில ஆபரேட்டரா இருந்த காலம் பூரா எனக்குப் பேரே கிடையாது. நம்பர் எட்டு. 'எட்டு, மெட்ராஸ் குடும்மா'ம்பாங்க. இது பேருன்னு எதையோ ஒண்ணையாவது சொல்லுதே."

அவள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கூட நான் குரல் உயர்த்தியதில்லை. கோபம் எனக்குப் பழக்கமில்லாத சங்கதி. வந்தால் எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. இந்த நோட்டில் வைக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

காரணம் அகப்பட்டுவிட்டது. இரண்டு நாள் அந்த நிரலின் முன் உட்கார்ந்திருந்தேன். ஃபார்ட்ரானில் அட்டைகளைத் துளையிட்டு நிரல் எழுதியவன் நான். இந்தக் காலத்து மொழிகளை ஓய்வு பெற்ற பிறகு புத்தகம் வைத்துக் கற்றேன். அதனால் புரிந்துகொண்டது சரிதானா என்று மூன்று தடவை சரிபார்த்தேன்.

'சௌ' என்பதில் கடைசியில் ள போல ஒன்று நிற்கிறதே, அது ள அல்ல. அது ஔகாரக் குறியின் பாதி. கணினியில் அதற்குத் தனி எண். ஆனால் தட்டச்சு செய்கிறவர்கள் ஒற்றைக்கொம்பு போட்டு, ச எழுதி, பக்கத்தில் நிஜமான ள ஒன்றைத் தட்டிவிடுகிறார்கள். திரையில் அச்சு அசலாக 'சௌ'தான். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இந்த நோட்டில் பேனாவால் எழுதும்போதும் இல்லை. குரலுக்கு மட்டும் அது 'செ', 'ள' என்று இரண்டு எழுத்து.

பார்க்கத் தெரிந்தவர்கள் செய்கிற பிழை. பார்க்க முடியாதவர்கள் மட்டுமே கேட்கிற பிழை. இதை நினைத்தபோது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். ரேஷனில் பருப்பு இல்லை.

வாசிப்பான் தளத்தில் குறையைப் பதிந்தேன். மூன்று பத்தி, எடுத்துக்காட்டுகள், எண்கள். மிகை இல்லை என்று நினைக்கிறேன். நித்திலன் என்கிறவர் அந்தத் திட்டத்தைப் பராமரிக்கிறார். யார் திருத்தம் அனுப்பினாலும் சேர்ப்பதும் தள்ளுவதும் அவர்தான். காப்பி குடித்து முடிப்பதற்குள் பதில் போட்டுவிட்டார்.

"இது எங்கள் பிழை அல்ல. உள்ளீடு தவறு. தட்டச்சு செய்தவரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள் ஐயா. மூடுகிறேன்."

மூடிவிட்டார். அந்த 'ஐயா'வை எங்கே கொண்டு சொருகியிருக்கிறார் பாருங்கள்.

ஜூன் 10, செவ்வாய்

பதில் எழுதினேன். அனுப்பவில்லை.

ஜூன் 11, புதன்

மறுபடி எழுதினேன். முதலில் எழுதியதைவிடக் காரம். அனுப்பவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்குமோ என்று தோன்றுகிறது. பிறகு இல்லை என்று தோன்றுகிறது.

ஜூன் 14, சனி

இன்று நடந்தது எனக்கு அவமானம். ஆனால் முழுதாக எழுதிவிட வேண்டும்.

மூக்குக்கண்ணாடி சரிசெய்யக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்தக் குரல் கேட்டது. ஏற்ற இறக்கம் இல்லாமல், பஸ் நிலைய அறிவிப்புபோல வாசித்துக்கொண்டிருந்தது:

"உமக்கு என்ன தெரியும் நித்திலன் கமா படித்த திமிர் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை முற்றுப்புள்ளி உமக்குக் கண் இருக்கிறது முற்றுப்புள்ளி அதுதான் உம் குறை முற்றுப்புள்ளி"

நான் அனுப்பாமல் திறந்தபடி விட்டுப்போன கடிதம். அவள் தங்கச்சி மெயிலைத் தேடி விசையைத் தட்டியிருக்கிறாள். அது என் வண்டவாளத்தை வாசித்துவிட்டது.

"இந்தா, அது சும்மா எழுதினது..."

"இவ்வளவு கோவம் வருமா உங்களுக்கு?" அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷம் எங்கங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? மறுபடி வாசிக்கச் சொல்லட்டா?"

"வேண்டாம்."

"இதை ஏன் அனுப்பல?"

"மரியாதையா இல்ல."

"மரியாதையாத்தான் நாலு நாளா தூங்காம புரளுதீங்களா? திமிர் கிமிர்லாம் எடுத்துருங்க. அந்தக் கண்ணு சங்கதி மட்டும் இருக்கட்டும். அதுதான் உள்ளது."

எல்லாவற்றையும் வெட்டினேன். இரண்டு வரி மிஞ்சியது: 'கண்ணால் வாசிப்பவருக்கு இது பிழையாகவே தெரியாது. அதனால் அவர்கள் ஒருநாளும் திருத்தப்போவதில்லை.'

அவள் பக்கத்தில் நின்றாள். அனுப்பினேன். பிறகு கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது.

ஜூன் 16, திங்கள்

நித்திலன் மூடிய குறையை மறுபடி திறந்துவிட்டார். கீழே ஒரே வரி: "சரி. அப்படியானால் நிரலை நீங்களே எழுதி அனுப்புங்கள். பேச்சு வேண்டாம்."

பேச்சு வேண்டாமாம். குரல் திட்டம் நடத்துகிறவர் சொல்கிறார்.

ஜூன் 21, சனி

விதியை எழுதி முடித்தேன். ஒற்றைக்கொம்பு எழுத்தை அடுத்து ள வருகிறது. அந்த ளவுக்குப் புள்ளி இருந்தால் தொடக்கூடாது: வெள்ளம், பள்ளம், வெள்ளரி. அதற்கு இகர உகரக் குறிகள் இருந்தாலும் தொடக்கூடாது: தெளிவு, நெளிவு, கெளுத்தி மீன். வெறும் ள என்றால் மட்டும் ஔகாரமாக மாற்று. அகராதியைப் புரட்டினேன். இந்த விதியை உடைக்கிற சொல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

மறுபடி படித்துப் பார்க்கிறேன். 'பள்ளம்' என்று எழுதியிருக்கிறேன். அதில் ஒற்றைக்கொம்பே கிடையாது. இப்படிப்பட்ட ஆள் நிரல் எழுதலாமா?

ஜூன் 25, புதன்

அனுப்பினேன். நித்திலன் திருப்பினார். இடைவெளிகள் திட்டத்தின் முறைப்படி இல்லையாம். மாற்றி அனுப்பினேன். சோதனைச் சொற்கள் போதாதாம். மௌனம், பௌர்ணமி, சௌகரியம், கௌரவம், யௌவனம், வௌவால் என்று என் நினைவில் இருந்ததெல்லாம் சேர்த்தேன். வௌவால் எதற்கு என்று கேட்டார். 'இருப்பதால்' என்று எழுதினேன். இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுதி அனுப்பிய பிறகுதான் பயந்தேன்.

ஜூலை 2, புதன்

சேர்த்துவிட்டார். என் பெயர் பங்களித்தோர் வரிசையில்: த. ஆறுமுகநயினார். நன்றி என்று ஒரு சொல் இல்லை.

பழைய மின்னஞ்சலைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். 'திருமதி சவுந்தரம்' என்றது. வழுக்கிக்கொண்டு, முழுதாக, ஒரே மூச்சில்.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். ஜோரா இருக்கு" என்றாள். பாயசம் வைக்கட்டுமா என்று கேட்டாள். சர்க்கரையை ஞாபகப்படுத்தினேன். அரை டம்ளர் குடித்தேன்.

ஜூலை 3, வியாழன்

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

என் திருத்தத்தை நித்திலன் நீக்கிவிட்டார்.

மதுரையிலிருந்து பார்வையற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். புதிய வாசிப்பானில் சிறுகதை எதையும் கேட்க முடியவில்லையாம். பேச்சுத்தமிழ் வருகிற இடமெல்லாம் உளறுகிறதாம். அதன் கீழே நித்திலன்:

"ஆறுமுகநயினார் ஐயா, 'கெளம்பு' என்ற சொல்லை உங்கள் நிரல் எப்படி வாசிக்கிறது என்று கேட்டீர்களா? 'வெளக்கு'? ஊரில் யாரும் பேசி நீங்கள் கேட்டதே இல்லையா?"

போட்டுப் பார்த்தேன். 'கவும்பு' என்றது. 'வவுக்கு' என்றது.

வெறும் ள. ஒற்றைக்கொம்பு. என் விதி அப்படியே பொருந்துகிறது. கிளம்பு என்பதைத்தான் எல்லோரும் கெளம்பு என்கிறார்கள், கதை எழுதுகிறவர்கள் அப்படியே எழுதுகிறார்கள். நான் அகராதியில் தேடினேன். அகராதியில் யார் கிளம்பிப் போகிறார்கள்?

எல்லோரும் பார்க்கிற இடத்தில் கேட்டிருக்கிறார். கேட்டது சரி. அதனால்தான் ஆத்திரம் அடங்கவில்லை. தவறாகக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன்.

ஜூலை 9, புதன்

இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். முடியவில்லை.

ஆசிரியை எழுதியதைச் சௌந்தரத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரலாலேயே தண்டு எது, இலை எது என்று பிரிப்பாள். ஆச்சரியப்படவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"அந்தத் துப்பறியும் கதை கேட்டேன்லா. அதுல ஏட்டையா 'ஏலே, கெளம்பு'ங்கான். இது 'ஏலே, கவும்பு'ங்கு. முதல்ல எனக்கு வெளங்கல. 'வவுக்க அணைச்சான்'னு வந்த பிறகுதான் தெரிஞ்சுது."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையே தெரியுமா? நாலு நாள்! ஏன் சொல்லல?"

நான் கத்தினேன். எங்கள் வீட்டில் நான் கத்தியது இதுவே முதல். பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது.

அவள் கீரையை வைத்துவிட்டு என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நீங்க பாயசம் குடிச்சுட்டு விசிலடிச்சுக்கிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்ல?"

"அதுக்காகக் கவும்பு கவும்புன்னு கேட்டுக்கிட்டு இருப்பியா?"

"பழக்கந்தான். நீங்க வாசிக்கும்போது கேக்கலையா?"

"நான் வாசிச்சதுல என்ன தப்பு?"

"தப்பில்ல. எல்லாம் சரி. அதுதான். புத்தகத்துல கெளம்புன்னு இருந்தா நீங்க கிளம்புன்னுதான் வாசிப்பீங்க. திருடன் இலக்கணமாப் பேசுவான். கொலைகாரன் 'நான் அவளைக் கொன்றுவிட்டேன்'பான். கிளாஸ் எடுக்க மாதிரி. மிஷின் வந்தப்பதான் எல்லாரும் அவங்கவங்க வாயால பேசுனாங்க."

நான் வெளியே போய்விட்டேன். எங்கே போவது என்று தெரியாமல் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே பால் இருந்தது.

ஜூலை 10, வியாழன்

நான் அப்படி வாசித்ததில்லை.

பரணிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து பழைய நாவல் ஒன்றை எடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கம் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அப்படித்தான் வாசிக்கிறேன். கண் 'போவுதேன்' என்று பார்க்கிறது. வாய் 'போகிறேன்' என்கிறது. இடையில் யார் திருத்துகிறார்கள் என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி

விட்டுவிடலாம் என்று இருந்தேன். சௌந்தரம் ஆஸ்பத்திரி மின்னஞ்சலை மறுபடி போட்டிருந்தாள். நீக்கப்பட்ட பிறகு குரல் பழையபடி செ, ள, ந்தரம் என்று தடுக்கி விழுகிறது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விட்டிருப்பேன்.

விதியைத் தலைகீழாக எழுதியிருக்கிறேன் என்று இன்று புரிந்தது. ஔகாரம் வரும் சொற்கள் கொஞ்சம்தான். பெயர்களையும் சேர்த்தால்கூட அடங்கிவிடும். பேச்சுச் சொற்களுக்குத்தான் கணக்கில்லை. அதனால் ஔகாரச் சொல் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மாற்று. மற்றதை, அது என்னவாக இருந்தாலும், எழுதியபடி விடு.

இதற்குச் சோதனைச் சொற்கள் வேண்டும். என்னிடம் இல்லை. "இந்தா, கொஞ்சம் பேசு" என்றேன்.

"என்ன பேச?"

"எப்பவும் பேசுற மாதிரி."

"காகிதத்த வச்சுக்கிட்டுப் பேசுன்னா எப்படி வரும்? கேக்கணும்னா அடுக்களைக்கு வாங்க. சும்மா உக்காந்து தேங்கா துருவுங்க."

துருவினேன். அவள் தங்கச்சியோடு போனில் பேசினாள், மீன்காரம்மாவோடு வாசலில் சண்டை போட்டாள், குக்கரைத் திட்டினாள். வெளக்கி வச்சேன், வெளஞ்ச தேங்கா, வெளையாட்டா இருக்கா உனக்கு, கெளறிவிடு. இத்தனை வருடமாக இதே வீட்டில்தான் இருக்கிறேன். விரலைத் துருவிக்கொண்டேன், சிறிய காயம்தான்.

ஜூலை 17, வியாழன்

புதிய திருத்தத்தை அனுப்பினேன். நித்திலன் நிரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார். தளத்தின் முகப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்: 'உச்சரிப்பில் கைவைக்கும் எவரும் அந்தச் சொற்களைத் தம் குரலில் சொல்லிப் பதிந்து இணைக்க வேண்டும். வாயால் சொல்லிப் பாராத சொல்லை நிரலில் தொடக்கூடாது.'

எனக்காகவே போட்ட சட்டம் என்பது தளத்தில் எல்லோருக்கும் தெரியும். நல்ல சட்டம் என்பது எனக்கும் தெரியும். இந்த ஆள் ஒரு தடவையாவது தப்பாக எதையாவது சொல்லித் தொலைக்கக்கூடாதா?

ஜூலை 19, சனி

காலையில் பதிவு செய்தேன். ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, மேசையில் செல்போனை நிமிர்த்தி வைத்தேன். வேர்த்துக் கொட்டியது.

முதல் சொல் கெளம்பு. 'கிளம்பு' என்று வந்தது. அழித்தேன். மறுபடியும் 'கிளம்பு'. அழித்தேன். மேசையை ஓங்கி அடித்தேன். "கெளம்பு!" என்றேன். வந்துவிட்டது. யாரையோ வீட்டைவிட்டு விரட்டுவதுபோல் இருந்தது. இருக்கட்டும் என்று மேலே போனேன். வெளக்கு. வெளஞ்ச. பிறகு ஔகாரச் சொற்கள். மௌனம், பௌர்ணமி, வௌவால்.

கடைசிச் சொல் சௌந்தரம்.

வாயைத் திறந்தேன். வரவில்லை. தண்ணீர் குடித்தேன். மெல்லச் சொன்னேன், பதிவுக்குப் போதாது. தொண்டையைச் செருமிவிட்டுச் சத்தமாகச் சொன்னேன்.

"சௌந்தரம்."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"என்னங்க?"

சுவரைத் தடவிக்கொண்டு அவள் வருகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள்.

"என்னையா கூப்பிட்டீங்க?"

"இல்ல. பதிவு பண்ணுதேன்."

"பேரைச் சொன்ன மாதிரி இருந்துச்சே."

"சொன்னேன்."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் கரண்டி, அதிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"மிஷின் தப்பாக் கூப்பிடுதுன்னு ஒன்றரை மாசமா குதிச்சீங்க" என்றாள். "அதாச்சும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு."

பிறகு போய்விட்டாள். செல்போனில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நிறுத்தினேன். 'என்னங்க' வரைக்கும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினேன். அந்த 'என்னங்க'வை வெட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மின்சாரம் இல்லை. பதினொரு மணிக்கு வந்தது.

நித்திலனின் பதில்: "ஐயா, நிரல் சரியாக இருக்கிறது. ஆனால் பதிவில் கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு பெண்ணின் குரல் குறுக்கிடுகிறது. அதை வெட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள். அதுவரை சேர்க்க இயலாது."

இதற்கு வரைவு எழுதிப் பார்க்கவில்லை. நேராகத் தட்டினேன்.

"வெட்ட முடியாது. சொல்லைச் சரியாக உச்சரிக்கிறேனா என்று பார்க்கத்தானே பதிவு கேட்டீர்கள். அந்தக் குரல் குறுக்கீடு அல்ல. அதுதான் சான்று. கூப்பிட்டேன், உரியவர் பதில் சொல்லியிருக்கிறார்."

அனுப்பினேன்.